கோபத்தைக் கையாள்வதும் மனதார மன்னிப்பதும்: கிறிஸ்தவ வாழ்க்கைக்குப் படிப்படியான வழிகாட்டி

சென்னையில் வேப்பேரி, புரசைவாக்கம், பெரம்பூர், சாந்தோம், அடையாறு என்று எங்கே போனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில், வார்த்தைகள் சபைக்குச் சபை கொஞ்சம் மாறினாலும், ஒரே ஜெபம் காதில் விழும்: "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." ஆராதனை முடிந்ததும் அதே சபையில் அண்ணன் குடும்பம் ஒரு வாசல் வழியாகவும் தம்பி குடும்பம் இன்னொரு வாசல் வழியாகவும் வெளியேறும். அம்மா இறந்தபின் வீட்டைப் பிரித்தபோது தொடங்கியது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனபோது முற்றியது. சபைத் தேர்தலில் எதிரெதிர் அணியில் நின்றபோது பேச்சே நின்றுபோனது. எல்லோருக்கும் ஸ்தோத்திரம் சொல்லும் இருவரும் ஒருவருக்கொருவர் மட்டும் சொல்வதில்லை. மன்னிக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். எப்படி என்பதைத்தான் யாரும் சொல்லித்தரவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சபைகளில் மன்னிப்பைப் பெரும்பாலும் அவசரப்படுத்துகிறோம். காயப்பட்டவர் தனக்கு நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் "மன்னித்து மறந்துவிடுங்கள்" என்று தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிடுகிறோம். எவ்வளவு கடன் என்று பார்க்காமல் தள்ளுபடி செய்தால், அந்தக் கடன் ராத்திரியில் தூக்கத்தைக் கலைத்துக்கொண்டு திரும்ப வந்து நிற்கும். முதலில் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகே அதைக் கிழித்துப்போட முடியும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான் இருக்கின்றன.

முதல் படி: கோபத்தைக் கோபம் என்றே ஒப்புக்கொள்ளுங்கள்

"கோபமெல்லாம் ஒன்றும் இல்லை, கொஞ்சம் மனவருத்தம்தான்" என்று சொல்லிக்கொண்டே வருடக்கணக்கில் பேசாமல் இருக்கிறவர்கள் உண்டு. விசுவாசிக்குக் கோபம் வரக்கூடாது என்று சிறு வயதிலிருந்தே கேட்டுப் பழகியதால், வந்த கோபத்துக்கு வேறு உடை உடுத்திவிடுகிறோம். சிலர் அதையே ஜெபக்குறிப்பாக்கி, கூட்டத்தில் எல்லோருக்கும் விவரம் சொல்லிவிடுகிறார்கள்.

வேதம் இப்படி மறைக்கச் சொல்லவில்லை. ஓய்வுநாளில் சூம்பின கையுடையவனைக் குணமாக்கக்கூடாது என்று காத்திருந்தவர்களை இயேசு "கோபத்துடனே" சுற்றிலும் பார்த்தார் என்று மாற்கு 3:5 சொல்கிறது. அதே வசனம் அவர் "விசனப்பட்டு" பார்த்தார் என்றும் சொல்கிறது. அவருடைய கோபத்துக்குள் துக்கம் இருந்தது. அடுத்த நிமிடம் அவர் அந்த மனிதனின் கையைக் குணமாக்கினார். "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்று பவுல் எழுதும்போது (எபேசியர் 4:26) கோபம் வரும் என்பதை ஏற்றுக்கொண்டே பேசுகிறார். அடுத்த வசனம் "பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்" என்கிறது. கோபம் வந்தபிறகு அதை எங்கே தங்கவிடுகிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

கோபத்தோடு இருந்த இரண்டு பேரிடம் தேவன் எப்படிப் பேசினார் என்று கவனியுங்கள். காயீனிடம், "உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று?" என்றார். யோனாவிடம், "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ?" என்றார். இரண்டும் கேள்விகள். அதட்டி வாயை அடைப்பதற்கு முன், அவர் காரணத்தைக் கேட்கிறார். காயீன் பதில் சொல்லாமல் வயல்வெளிக்குப் போனான். அங்கே தன் தம்பியைக் கொன்றான். யோனா தன் எரிச்சலை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னான், உரையாடல் தொடர்ந்தது.

ஆகவே தனியாக இருக்கும்போது பெயரோடும் காரியத்தோடும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ஆண்டவரே, என் மாமியார் எல்லோர் முன்னாலும் என் பெற்றோரைக் குறைவாகப் பேசினார். எனக்கு அவர்மேல் கோபம்." "எனக்கு எல்லாமே கஷ்டமாக இருக்கிறது" என்பது போன்ற பொதுவான ஜெபம் இந்த இடத்தில் உதவாது.

இரண்டாம் படி: முதல் ஒரு மணி நேரம் வாயையும் கையையும் காத்துக்கொள்ளுங்கள்

"யாவரும் கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கக்கடவர்கள், மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாதே" என்கிறார் யாக்கோபு. கோபத்தில் இருக்கும்போது நாம் செய்வதெல்லாம் நியாயமாகவே தோன்றும் என்பதால்தான் இந்த எச்சரிக்கை.

தாவீதின் கதையைப் பாருங்கள் (1 சாமுவேல் 25). தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா தன் கையில் அகப்பட்டும் அவனைக் கொல்லாமல் விட்ட அதே தாவீது, நாபால் என்ற செல்வந்தன் சாப்பாடு தர மறுத்துக் கேவலமாகப் பேசினான் என்பதற்காக நானூறு பேரைக் கூட்டிக்கொண்டு பட்டயத்தோடு கிளம்பிவிட்டான். பெரிய சோதனையில் ஜெயித்தவன் ஒரு சில்லறை அவமானத்தில் தடுமாறினான். அபிகாயில் வழியில் வந்து நின்று பேசியிராவிட்டால் அந்த வீடு பொழுது விடிவதற்குள் ரத்தத்தில் நனைந்திருக்கும். தடுத்ததற்காக அவளைத் தாவீது ஆசீர்வதித்தான்.

உங்களுக்கும் ஓர் அபிகாயில் வேண்டும். கோபம் தலைக்கேறும்போது போன் செய்தால் "இப்போது வேண்டாம், முதலில் தண்ணீர் குடி" என்று சொல்லக்கூடிய ஒருவர். உங்கள் பக்கம் சேர்ந்துகொண்டு இன்னும் ஏற்றிவிடுகிறவரை அந்த நேரத்தில் அழைக்காதீர்கள். யார் அந்த ஒருவர் என்பதைக் கோபம் இல்லாத நாளிலேயே முடிவுசெய்து, அவரிடமும் சொல்லிவைத்துவிடுங்கள்.

கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். இன்று குடும்பங்கள் உடைவது பெரும்பாலும் நேருக்கு நேர் சண்டையில் இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினொரு மணிக்குப் போடும் குரல் பதிவில்தான். சொன்ன சொல் காற்றோடு போய்விடும் காலம் மாறிவிட்டது. அந்தப் பதிவைப் பத்து வருடம் கழித்தும் யாராவது போட்டுக்காட்டுவார்கள். எழுதியே ஆக வேண்டும் என்றால் காகிதத்தில் எழுதுங்கள்.

பேச்சை நிறுத்துவதற்கு ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "இப்போது பேசினால் தவறாகப் பேசிவிடுவேன். சாப்பிட்டபிறகு பேசலாம்." கதவைச் சாத்திக்கொண்டு போவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு, எப்போது திரும்ப வருவேன் என்று இதில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். சொன்ன நேரத்துக்கு வந்துவிடவும் வேண்டும்.

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டு, தூங்கப் போவதற்குள் தீர்த்தே ஆக வேண்டும் என்று நள்ளிரவு வரை சண்டைபோடும் தம்பதிகள் இருக்கிறார்கள். எரிச்சல் தணிய வேண்டும் என்றுதான் வசனம் சொல்கிறது. பிரச்சினை முழுவதும் அன்றைக்கே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. "உன்னைவிட்டு நான் எங்கும் போகவில்லை, காலையில் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுத் தூங்குவதும் இந்த வசனத்துக்குக் கீழ்ப்படிவதே.

மூன்றாம் படி: இந்தக் கோபம் யாருக்கு உரியது என்று பிரித்துப் பாருங்கள்

இதில் நீண்ட நேரம் செலவிட வேண்டாம். அக்னி நட்சத்திர வெயிலில் தாம்பரத்திலிருந்து நின்றுகொண்டே ரயிலில் வந்து, அலுவலகத்தில் மேலதிகாரியிடம் பேச்சு வாங்கி, வீட்டுக்கு வந்தால் குழாயில் தண்ணீர் இல்லை. அப்போது பாத்திரத்தைக் கீழே போட்ட பிள்ளையின் முதுகில் அடி விழுகிறது. அந்த அடி பிள்ளைக்கு உரியது இல்லை. பசி, தூக்கமின்மை, அலைச்சல், மேலதிகாரி, இவற்றில் எது இந்தக் கோபத்தைக் கொண்டுவந்தது என்று கேளுங்கள். பிள்ளையை அடித்துவிட்டிருந்தால், "அப்பா செய்தது தவறு" என்று பிள்ளையிடமே சொல்லுங்கள். அதனால் தகப்பனுக்கு மரியாதை குறைந்துவிடாது.

சில குற்றங்களைக் கண்டும் காணாமல் விட்டுவிடலாம். "மனுஷனுடைய விவேகம் அவன் கோபத்தை அடக்கும், குற்றத்தை மன்னிப்பது அவனுக்கு மகிமை" என்கிறது நீதிமொழிகள் 19:11. அடுக்குமாடிக் குடியிருப்பில் உங்கள் இடத்தில் வண்டியை நிறுத்தியவர், வரிசையில் முந்தியவர், விசேஷத்தில் உங்களைக் கவனிக்காமல் போனவர் இவர்களை எல்லாம் அங்கேயே விட்டுவிடுங்கள். அடுத்த நாள் காலையிலும் நெஞ்சில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், அடுத்த படிக்கு வாருங்கள்.

நான்காம் படி: கடனை முழுதாக எழுதுங்கள்

பேதுரு, "எத்தனைதரம் மன்னிக்கவேண்டும்?" என்று கேட்டதற்கு இயேசு சொன்ன உவமை மத்தேயு 18-இல் இருக்கிறது. ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டு, அது முழுவதும் மன்னிக்கப்பட்ட ஊழியக்காரன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரித்தான். பிரசங்கங்களில் இந்த நூறு வெள்ளிப்பணத்தை அற்பமான தொகையாகச் சொல்லிவிடுவது வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வெள்ளிப்பணம் என்பது அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி. திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமையில் அதே கூலிதான் வருகிறது. நூறு வெள்ளிப்பணம் நூறு நாள் உழைப்பு. கட்டட வேலைக்குப் போகிறவரின் இன்றைய கூலி ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சம் ரூபாய். வியாசர்பாடியிலோ எண்ணூரிலோ ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அற்பமா? பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் அது. வீட்டுக்கு முன்பணம் அது.

இயேசு அந்தக் கடன் இல்லை என்று சொல்லவில்லை. அது உண்மையான கடன், வலிக்கிற கடன். அதற்குப் பக்கத்தில் இன்னொரு தொகையை வைக்கிறார். ஒரு தாலந்து சுமார் ஆறாயிரம் நாள் கூலி. பதினாயிரம் தாலந்து ஆறு கோடி நாள் கூலி. அதே கணக்கில் 6,000 கோடி ரூபாய். எத்தனை தலைமுறை உழைத்தாலும் அடையாத கடன். நமக்கு மன்னிக்கப்பட்டது அவ்வளவு என்பதால் நாமும் மன்னிக்கிறோம். நமக்கு நேர்ந்தது ஒன்றுமில்லை என்பதால் மன்னிக்கவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் "சின்ன விஷயத்துக்கா இவ்வளவு?" என்று காயப்பட்டவரிடம் சொல்வது கொடுமை.

அதனால் எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா அயனாவரத்தில் இருக்கிறார். அவருடைய ஓர்ப்படியோடு பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஜெபக்கூட்டத்தில் பலமுறை மன்னித்துவிட்டதாகச் சாட்சி சொன்னார். ஒவ்வொரு முறையும் ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடும். ஒருநாள் மகளின் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தார். நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் திரும்பி வராதது முதல் வரியில் வந்தது. அதை அடித்துவிட்டு அதற்குக் கீழே எழுதினார்: "என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவள் வந்து பார்க்கவில்லை." இவ்வளவு காலமும் பணம்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அப்படியேதான் நினைத்திருந்தார். அடகு நகைக்காக ஜெபித்து ஜெபித்து, அப்பாவுக்கான துக்கத்தைத் தொடாமலே விட்டிருந்தார்.

எழுதும்போது மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்கட்டும். அவர் என்ன செய்தார்? அதனால் நான் எதை இழந்தேன்? இதில் என் பங்கு என்ன? முதல் கேள்விக்கு நடந்ததை மட்டும் எழுதுங்கள். "அவன் எப்போதுமே சுயநலக்காரன்" என்பது தீர்ப்பு, அதை விட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்வியில் தாராளமாக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பணம், நேரம், நல்ல பெயர், தூக்கம், அண்ணன் தம்பி உறவு, பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போன சித்தப்பா, எல்லாவற்றையும் எழுதுங்கள். மூன்றாவது கேள்வி எல்லோருக்கும் பொருந்தாது. சிறு பிள்ளையாக இருந்தபோது கொடுமைக்கு உள்ளானவர் அதில் தன் பங்கைத் தேடக்கூடாது; அப்படி ஒன்று கிடையாது.

இப்படி எழுதுவது விசுவாசக் குறைவு என்று நினைக்கிறவர்கள் சங்கீதம் 55-ஐத் திறந்து பார்க்கட்டும். நிந்தித்தவன் சத்துருவாக இருந்திருந்தால் சகித்திருப்பேன் என்கிறான் தாவீது; தன்னோடு தேவாலயத்துக்குப் போன தோழனே அதைச் செய்தான் என்று புலம்புகிறான். அந்தப் புலம்பலை வேதம் வெட்டி எறியவில்லை.

இந்த ஊருக்கு இதில் ஒரு தனி உரிமையும் உண்டு. பரங்கிமலையில் இயேசுவின் சீஷனான தோமா ஈட்டியால் குத்துண்டு இறந்தார் என்றும், சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டார் என்றும் பாரம்பரியம் சொல்கிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் பூட்டிய அறைக்குள் வந்து "உங்களுக்குச் சமாதானம்" என்று சொன்னபோது, கையோடு தம்முடைய கைகளையும் விலாவையும் காண்பித்தார். எட்டு நாள் கழித்து அதே காயங்களைத் தொடச் சொல்லித் தோமாவைக் கூப்பிட்டார். தம்மைக் கைவிட்டு ஓடிய சீஷர்களிடம் சமாதானம் சொன்னவர் காயத்தை மறைக்கவில்லை. மன்னித்தபிறகும் தழும்பு இருக்கலாம். அதைக் காட்டவும் செய்யலாம்.

ஐந்தாம் படி: மன்னிப்பதை ஒரு தீர்மானமாகச் செய்யுங்கள்

எழுதிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜெபியுங்கள். வார்த்தைகள் வராவிட்டால் இப்படிச் சொல்லலாம்: "கர்த்தாவே, என் தம்பி எனக்குச் செய்தது இது. இதனால் நான் இழந்தது இது. இது தவறு. இதற்கான பழியை நான் அவனிடம் வசூலிக்கமாட்டேன். நியாயத்தை உம்முடைய கையில் விடுகிறேன். எனக்கு நீர் மன்னித்ததை நினைத்து அவனுக்கு மன்னிக்கிறேன்." பிறகு அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுங்கள், அலமாரியில் பத்திரப்படுத்த வேண்டாம். ஆனால் சட்டப்படி தேவைப்படும் பத்திரம், ரசீது, மருத்துவச் சான்று எதையும் கிழிக்காதீர்கள்.

இந்த நேரத்தில் மனதில் இதமான உணர்வு எதுவும் வராமல் போகலாம். அதனால் மன்னிப்பு பொய்யாகிவிடாது. "வசூலிக்கமாட்டேன்" என்பது நாள்தோறும் நடைமுறையில் தெரியும். உறவினர் வீட்டில் அந்தப் பழைய கதையை மறுபடி எடுக்கமாட்டேன். அடுத்த சண்டையில் அதை ஆயுதமாகப் பயன்படுத்தமாட்டேன். அவர் பிள்ளை பரீட்சையில் தோற்றான் என்று கேள்விப்பட்டால் உள்ளுக்குள் மகிழமாட்டேன். "உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே" என்று நீதிமொழிகள் 24:17 சொல்கிறது. அதோடு அவருடைய பெயரைச் சொல்லி ஆசீர்வாதம் கேட்பேன். இதுதான் மிகக் கடினம். ஆரம்பத்தில் "அவருக்கு நல்ல சுகத்தைத் தாரும்" என்ற ஒற்றை வரி போதும்.

மன்னிப்பும் நீதியும் ஒன்றையொன்று அழிப்பதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் சிறுவர்களான அவருடைய இரண்டு மகன்களையும் ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. அவருடைய மனைவி கிளாடிஸ், கொலையாளிகளை மன்னிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார்; பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். 2005-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவர் மன்னித்தார் என்பதால் வழக்கு கைவிடப்படவில்லை. முதன்மைக் குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதிசெய்தது. பழியைத் தன் மனதிலிருந்து இறக்கிவைப்பது அவருடைய காரியம். குற்றத்தைத் தண்டிப்பது அரசின் காரியம்.

ஆறாம் படி: நேரில் போய்ப் பேசுங்கள்

"அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" (மத்தேயு 18:15). நாம் செய்வது இதற்கு நேர்மாறு. அத்தையிடம் சொல்கிறோம், சம்பந்தியிடம் சொல்கிறோம், போதகரிடம் சொல்கிறோம். சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் கடைசியில் தெரியவருகிறது.

யார் முதலில் போவது? தவறு செய்தவர்தான் வர வேண்டும் என்று இருவருமே காத்திருப்பதால்தான் இருபது வருடம் ஓடிவிடுகிறது. மத்தேயு 18-இல் காயப்பட்டவனை இயேசு போகச் சொல்கிறார். மத்தேயு 5-இல், "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறைவுண்டென்று" நினைவுவந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். ஆக, இரண்டு பேருமே கிளம்ப வேண்டியவர்கள். திருவிருந்து ஞாயிறுக்கு முந்தைய வாரம் இதற்கு நல்ல சமயம்.

இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கல்யாண மண்டபம், சாவு வீடு, பிள்ளைகள் இருக்கும் கூடம், சபை வளாகம் எதுவும் வேண்டாம். அவர் வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் பொதுவான ஓர் இடம் நல்லது. பெசன்ட் நகர் கடற்கரையில் மாலையில் நடந்துகொண்டே பேசலாம். நேருக்கு நேர் முகத்தைப் பார்த்துப் பேசத் தயங்குகிறவர்கள்கூட நடக்கும்போது பேசிவிடுவார்கள்.

சுருக்கமாகப் பேசுங்கள். "அண்ணா, வீட்டைப் பிரித்த அன்றைக்கு எல்லோர் முன்னாலும் என்னைச் சோம்பேறி என்று சொன்னீர்கள். அது இன்னும் என் மனதில் இருக்கிறது. அதை மன்னித்துவிட்டேன். உங்களோடு மறுபடி பேச ஆசைப்படுகிறேன். என் பக்கம் தவறு இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்." சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் தன் பக்கத்தைச் சொல்லும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். நீங்கள் எழுதிய காகிதத்தில் இல்லாத ஒன்று அங்கே வெளியே வரலாம்.

மன்னிப்புக் கேட்கப் போகிறவர் நீங்கள் என்றால், "ஏதாவது தவறு நடந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லாதீர்கள். நடந்ததா இல்லையா என்பதையே அது சந்தேகத்தில் விட்டுவிடுகிறது. "நான் இதைச் செய்தேன், அது தவறு, அதனால் உங்களுக்கு இவ்வளவு கஷ்டம் வந்தது, என்னை மன்னியுங்கள்" என்று சொல்லுங்கள். "ஆனால்" என்று தொடங்கும் வாக்கியம் எதையும் பின்னால் சேர்க்க வேண்டாம். பணம் தர வேண்டியிருந்தால் கொண்டுபோங்கள், அல்லது எந்தத் தேதிக்குள் என்று எழுதிக்கொடுங்கள். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான்.

தனியாகப் பேசியும் நடக்கவில்லை என்றால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறது அடுத்த வசனம். இருவரும் மதிக்கிற பெரியப்பாவாகவோ போதகராகவோ இருக்கலாம். உங்கள் கட்சிக்காரராக மட்டும் இருக்கக்கூடாது. சொத்துத் தகராறு கோர்ட்டுக்குப் போய்விட்டிருந்தால், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்குகிறது என்பதை வழக்கறிஞரிடம் நினைவுபடுத்துங்கள். சகோதரர்கள் ஒரு மேஜையில் உட்கார அது உதவும்.

ஏழாம் படி: நம்பிக்கையைத் தனியாக முடிவுசெய்யுங்கள்

மன்னித்துவிட்டேன் என்பதற்காக மறுபடி சீட்டுப் பணத்தை அவரிடமே கொடுக்க வேண்டியதில்லை. யோசேப்பு, தன்னை விற்ற சகோதரர் பேசிக்கொண்டதைக் கேட்டுத் தனியே போய் அழுதான். ஆனாலும் தன்னை உடனே வெளிப்படுத்தவில்லை. அவர்கள் இப்போதும் தம்பியை விற்றுவிடுகிறவர்கள்தானா என்று கடைசித் தம்பி பென்யமீனை வைத்துச் சோதித்தான். யூதா தம்பிக்குப் பதிலாகத் தன்னையே அடிமையாக வைத்துக்கொள்ளச் சொன்னபிறகுதான் "நான் யோசேப்பு" என்றான். பவுலும் தன் கடைசிக் கடிதத்தில், தன்னைக் கைவிட்டவர்களைக் குறித்து "அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக" என்று எழுதினார். அதே பகுதியில், வெகு தீமைசெய்த கன்னானாகிய அலெக்சந்தரைக் குறித்து "நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு" என்றும் எழுதினார். முன்பு தன்னை விட்டுப்போன மாற்குவையோ, "ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்று கூட்டிவரச் சொன்னார். ஒருவரை மறுபடி நம்பலாம், இன்னொருவரிடம் தள்ளி நிற்கலாம்.

வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம் "பொறுத்துப்போ அம்மா, ஜெபம் பண்ணு, அவர் மாறிவிடுவார்" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற போதகர்களையும் பெற்றோரையும் மன்றாடிக் கேட்கிறேன், அப்படிச் செய்யாதீர்கள். அவள் மன்னிப்பது அவளுக்கும் ஆண்டவருக்கும் இடையில் நடக்க வேண்டியது. அதை அடிக்கிறவனுக்கு அனுமதியாக மாற்ற யாருக்கும் உரிமை இல்லை. முதலில் அவளைப் பாதுகாப்பான இடத்தில் வையுங்கள். பெண்கள் உதவி எண் 181, உடனடி ஆபத்துக்கு 112, பிள்ளைகளுக்கு 1098. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவள் வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் பாதுகாப்பு உத்தரவையும் கேட்கலாம். புகார் கொடுப்பதால் அவளுடைய சாட்சி கெட்டுப்போகாது. "கூடுமானால் உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்றுதான் ரோமர் 12:18 சொல்கிறது. சில இடங்களில் கூடாது என்பதை அந்த வசனமே ஒத்துக்கொள்கிறது.

எட்டாம் படி: திரும்பி வரும் கோபத்துக்குத் தயாராக இருங்கள்

மன்னித்துவிட்டபிறகும் கோபம் வரும். கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் கூடுகிற வீட்டில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும்போது வரும். பஸ் அந்த விற்றுப்போன வீட்டைத் தாண்டும்போது வரும். அப்போது "நான் மன்னிக்கவே இல்லையோ" என்று பயப்படாதீர்கள். "ஏழெழுபதுதரமட்டும்" என்று ஆண்டவர் சொன்னதை நாம் புதிய குற்றங்களுக்கு மட்டும் எண்ணிக்கொள்கிறோம். ஒரே குற்றத்தை மனதுக்குள் அத்தனை முறை மன்னிக்க வேண்டிவரும். ஐந்தாம் படியில் சொன்ன ஜெபத்தை மறுபடி சொல்லுங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே சொல்லலாம். புதிதாக ஏதாவது வலி தெரிந்தால், நான்காம் படிக்குத் திரும்பிப் போய் அதை மட்டும் எழுதுங்கள்.

இறந்துபோனவர்மேல் இருக்கும் கோபத்துக்கும் இதே வழிதான், ஆறாம் படியைத் தவிர. குடித்தே குடும்பத்தை அழித்த அப்பா, சொத்தெல்லாம் மகனுக்கே எழுதிவைத்த அம்மா. இவர்களிடம் நேரில் பேச முடியாது. கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில், கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று, பூ வைத்துவிட்டுப் பேசாமல் நிற்கிறவர்களில் பலருக்கு இப்படி ஒரு பாக்கி இருக்கும். சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதி, நம்பகமான ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். கத்தோலிக்கர் ஒப்புரவு அருட்சாதனத்தில் பங்குத்தந்தையிடம் பேசலாம். மற்ற சபையார் போதகரிடமோ முதிர்ந்த விசுவாசியிடமோ பேசலாம். மனிதர் ஒருவர் காதால் கேட்டுவிட்டால் பாரம் குறைகிறது.

கோபத்தில் பொருள்களை உடைக்கிறீர்கள், கை நீட்டுகிறீர்கள், பிள்ளைகள் உங்களைக் கண்டால் ஒதுங்குகிறார்கள் என்றால் ஜெபத்தோடு மருத்துவ உதவியும் தேவை. மாதக்கணக்கில் தூக்கம் இல்லாமல், உயிரோடு இருக்கவே பிடிக்காமல் போனாலும் அப்படியே. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் வெளிநோயாளிகளைப் பார்க்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை வாங்கத் தயங்காத விசுவாசி இதற்கும் தயங்க வேண்டாம்.

நீங்கள் போய்ப் பேசியும் அவர் கதவைத் திறக்கவில்லை என்றால், பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரு வாழ்த்து அனுப்புங்கள். பழைய விஷயத்தை அதில் எழுத வேண்டாம், பதில் கேட்கவும் வேண்டாம். அவர் வீட்டில் ஒரு சாவு, ஒரு ஆஸ்பத்திரிச் செலவு என்று தெரிந்தால் அழைப்புக்குக் காத்திருக்காமல் போங்கள்.